பெட்டிக்கு வெளியே என்ன இருக்கிறது?

கல்லூரியில் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு வட்டப் படம் வரைந்து காட்டுவார்கள். ஒரு புறம் குடும்பங்கள், மறுபுறம் தொழிற்சாலைகள். கூலியாகப் பணம் இப்படி வருகிறது. சாமான் வாங்கும்போது அப்படித் திரும்பிப் போகிறது. பௌதிகம் கற்பிக்கிற எனக்கு அதைப் பார்த்தால் நிரந்தர இயக்க இயந்திரத்தின் ஞாபகம்தான் வரும்!

விறகு போட்டு எரிக்கும் ஒரு செங்கல் சூளையை எடுத்துக்கொள்வோம். கல்லை விற்ற பணம் செலவாகி, ஊரைச் சுற்றி, மறுபடி சூளைக்காரர் கைக்கே வரலாம். எரிந்த விறகு வருமா? ஆற்றல் அழியவில்லை, அது முதல் விதி. ஆனால் விறகில் செறிந்திருந்த ஆற்றல் இளஞ்சூடாகக் காற்றில் பரவிவிட்டது. அதைத் திரட்டி இன்னொரு சூளையை மூட்ட முடியாது. இதுவே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. இந்தப் பரவலை அளப்பதற்குத்தான் 'என்ட்ரோபி' என்ற சொல்.

ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் ஜார்ஜெஸ்க்கு-ரோகன், 1971-இல் வெளியிட்ட நூலில் இந்த விதியைப் பொருளாதாரத்துக்குப் பொருத்திக் காட்டினார். அவருடைய மாணவர் ஹெர்மன் டேலி. இரத்த ஓட்டம் மட்டும் இருந்து, உணவுக்குழல் இல்லாத பிராணியைப் போன்றது வட்டப் படம் என்பது டேலியின் கேலி.

டேலி சில ஆண்டுகள் உலக வங்கியில் வேலை பார்த்தார். அவ்வங்கியின் 1992-ஆம் ஆண்டு அறிக்கை சுற்றுச்சூழல் பற்றியது. அதன் வரைவில் 'பொருளாதாரம்' என்று எழுதிய ஒரு பெட்டி. உள்ளே வரும் ஓர் அம்பு, வெளியே போகும் ஓர் அம்பு. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? சுற்றிலும் பெரிய பெட்டி போட்டு 'சுற்றுச்சூழல்' என்று எழுதச் சொன்னார் டேலி. அடுத்த வரைவில் பெட்டி வந்தது, பெயர் வரவில்லை. படத்துக்குச் சட்டம் மாட்டியது போல இருந்தது. மீண்டும் விளக்கினார். அதற்கடுத்த வரைவில் படமே இல்லை!

பெயரை எழுதிவிட்டால், வெளிப்பெட்டி வளராதபோது உள்பெட்டி எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்குத்தான் தயங்கினார்கள் என்பது என் எண்ணம்.

"சூரிய ஒளி தினமும் வருகிறதே, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மரம் அதைக் கொண்டுதான் விறகு செய்கிறது. ஆனால் மரம் வளரும் வேகம் வேறு, சூளை எரியும் வேகம் வேறு. நிலக்கரியோ பெரும்பாலும் பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய தாவரங்கள்.

உங்கள் ஊர் அரிசி ஆலைக்கு இப்படி ஒரு படம் போட்டுப் பாருங்கள். நெல், தண்ணீர், உமி, புகை, சாம்பல் எல்லாவற்றுக்கும் அம்பு வேண்டும். வெளிப்பெட்டிக்குப் பெயரெழுத மறக்காதீர்கள்.