ரெசிடென்ட் ஈவில்: இரண்டில் தொடங்குங்கள்

தண்டையார்பேட்டையில் ‘காஞ்சனா’வை (2011) பார்த்து அலறியவர்கள் எல்லோரும் அதன் முந்தைய பாகமான ‘முனி’யை (2007) பார்த்துவிட்டா வந்தார்கள்? தனியாகப் பார்த்தாலும் புரிகிற பாகம் எதுவோ, அதுவே நுழைவாசல். 1996இல் கேப்காம் நிறுவனம் தொடங்கிய ரெசிடென்ட் ஈவில் கேம் வரிசைக்கும் இதே கணக்குதான். புதிதாக ஆட வருகிறவர் 2019இல் வந்த இரண்டாம் பாகத்தின் ரீமேக்கை எடுப்பதே நல்லது.

இந்த வரிசையின் பயம் பற்றாக்குறையில் பிறக்கிறது. இந்த ரீமேக்கில் ஆரம்பத்தில் கையிருப்புக்கு எட்டே இடம். துப்பாக்கி, குண்டு, மூலிகை, சாவி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எதிரே வரும் ஜாம்பியைச் சுடுவதா, ஒதுங்கி ஓடுவதா என்று தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் கணக்குப் போட வேண்டும். 1996 கேமிலும் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் அதில் கேமரா ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். மேல் பட்டனை அழுத்தினால் ஆள் தன் முகம் இருக்கும் திசையில்தான் நடப்பார். அது கைக்குப் பழகுவதற்குள் பொறுமை போய்விடும். ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னாலேயே வருகிறது.

முதல் பாகம் ஆடாமல் கதை புரியுமா? இரண்டாம் பாகத்தில் நாம் ஆடும் போலீஸ்காரர் லியான், வேலைக்குச் சேரும் முதல் நாளே ராக்கூன் சிட்டி போலீஸ் நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார். நமக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும். ஏழாம் பாகம் (2017) புதுக்கதைதானே என்றால், நியாயம்தான். ஆனால் அதில் எல்லாவற்றையும் நாயகனின் கண்வழியாகவே பார்ப்பதால் முதல் அடியே பலமாக விழும். பேர்பெற்ற நான்காம் பாகத்தில் சண்டை அதிகம், குண்டும் தாராளம்; அதில் பழகியவருக்கு இரண்டின் கஞ்சத்தனம் எரிச்சல் தரும்.

கணினியில் ஆடுவதென்றால், முதலில் அது தாங்குமா என்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேமின் பக்கத்தைப் பாருங்கள். அங்கே வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிடிக்கிறதா என்று தெரிய அந்த நேரம் போதும். அடுத்து, கூச்சப்படாமல் ‘அசிஸ்டட்’ என்ற எளிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, ஹெட்போன் கட்டாயம். மிஸ்டர் எக்ஸ் என்ற எதிரி துரத்தும்போது அவன் எந்தப் பக்கம், எந்த மாடியில் வருகிறான் என்பதைக் காலடிச் சத்தம்தான் சொல்லும். கன்டெய்னர் லாரி உறுமும் தெருவில் டிவி ஸ்பீக்கரை நம்ப முடியாது. இதை முடித்தபின் முதல் பாகத்தின் 2002 ரீமேக், 2023இல் வந்த நான்கின் ரீமேக், ஏழு, எட்டு என்று போகலாம். ஐந்தையும் ஆறையும் கூட ஆட ஒரு நண்பர் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஜோடியாக ஆடினால்தான் களைகட்டும்.