சிஏ-125 உதிர்ந்த பின் மிஞ்சும் அடிக்கட்டை

“அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். கீமோ முடிந்து நான்கே மாதத்தில் சிஏ-125 மறுபடி ஏறிவிட்டது. மும்பையில் உருவான கார்-டி சிகிச்சைக்குப் போகலாமா? வீட்டை விற்கவும் தயார்.” காப்பார் வாசகி ஒருவரின் கேள்வி இது. வீடு வரை பேச்சு வந்துவிட்டதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சிகிச்சை இந்த நோய்க்கானது அன்று.

ஐஐடி பம்பாயும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. நோயாளியின் டி உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, பகையை அடையாளம் காணும் புதிய ‘கொக்கி’ ஒன்றை மரபணு வழியாகப் பொருத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவார்கள். அந்தக் கொக்கி பிடிப்பது சிடி19 என்னும் குறியை. சில இரத்தப் புற்று அணுக்களிலும் நல்ல பி அணுக்களிலும் அது உண்டு. நல்லவையும் சேர்ந்து அழியும். ஆனால் பி அணுக்கள் இல்லாமலும் மருத்துவர்களால் நோயாளியைக் காப்பாற்றி வைக்க முடியும்.

சினைப்பைப் புற்றில் சிடி19 இல்லை. அதில் மிகுந்திருக்கும் மீசோதெலின் என்ற குறியோ நுரையீரல், இருதயம், வயிற்றறை ஆகியவற்றின் உறைகளிலும் இருக்கிறது. பி அணுக்களைப்போல் இவற்றை இழக்க முடியுமா?

இங்கேதான் அந்தச் சிஏ-125 கைகொடுக்கிறது. எம்யுசி16 என்ற நீண்ட புரதம் புற்றணுவின் மேல் மரம்போல் நிற்கிறது. அதன் மேற்பகுதி உதிர்ந்து இரத்தத்தில் கலப்பதைத்தான் சிஏ-125 என்று அளக்கிறார்கள். உதிர்ந்ததைக் குறிவைத்தால் டி உயிரணு இரத்தத்தில் மிதக்கும் துண்டுகளிலேயே சிக்கிக்கொள்ளும். எனவே நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வாளர்கள் அணுவிலேயே மிஞ்சி நிற்கும் அடிக்கட்டையைக் குறிவைத்தார்கள். கட்டியின் சூழல் டி உயிரணுக்களைச் சோர்வடையச் செய்யும் என்பதால், அவையே ஐஎல்-12 என்ற ஊக்கப் புரதத்தைச் சுரக்கும்படியும் மாற்றினார்கள். வயிற்றறைக்குள் நேரடியாகவும் செலுத்திப் பார்த்தார்கள்.

நல்ல யோசனைதான். ஆனாலும் சினைப்பைப் புற்றுக்கென எந்தக் கார்-டி சிகிச்சையும் இதுவரை அனுமதி பெறவில்லை. எல்லாம் ஆய்வுக் கட்டத்தில்தான். ஒரே கட்டியில் சில அணுக்களில் குறி இருக்கும், சிலவற்றில் இருக்காது. குறியில்லாதவை தப்பி வளரும்.

பிளாட்டின மருந்து முடிந்து ஆறு மாதத்திற்குள் திரும்பும் நோயை ‘பிளாட்டின எதிர்ப்பு’ நோய் என்பார்கள். அக்காவின் நிலை அதுதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவையில் எடுத்த திசு, மெழுகுக் கட்டியாக மருத்துவமனையில் பத்திரமாக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், குறி இருக்கிறதா என்று அந்தத் திசுவில் பார்த்த பிறகே ஆளைச் சேர்க்கிறார்கள்.