காசை மோட்டாரில் கொட்டாதீங்க: குட்டி ஜெட் கட்ட அக்காவின் டிப்ஸ்

பெட்டியில் அச்சடித்திருக்கும் தள்ளுவிசை எண்ணை நம்பி ஜெட் கட்டாதீங்க, தம்பிகளா. அது விசிறியைத் தனியாக மேசையில் மாட்டி, வாயில் வட்ட உதடு வைத்து, நிறையச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் எடுத்த எண். அதே விசிறியை ஜெட்டின் வயிற்றுக்குள் தள்ளி, முன்னால் இரண்டு சின்ன ஓட்டையும் பின்னால் கோணல் குழாயும் வைத்தால் நல்ல பங்கு காணாமல் போகும். நம்ம ஊர் வெயிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 15 டிகிரிக் காற்றைவிட 32 டிகிரிக் காற்று ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுவது அந்த அளவுக்குக் குறையும்.

விமானம் ஏறலைன்னா உடனே பெரிய மோட்டார், இன்னொரு செல் பேட்டரி என்று ஓடுவாங்க. நான் முதலில் மோட்டாரைப் பார்க்க மாட்டேன். காற்று உள்ளே வரும் வாயையும் வெளியே போகும் வாலையும்தான் பார்ப்பேன். அங்கே தொலைத்ததை மோட்டாரில் தேடினால் செலவு கூடும், எடை கூடும், பறக்கும் நேரம் குறையும்.

சாதாரண புரொப்பெல்லர் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும். இடிஎஃப், அதாவது குழாய்க்குள் இருக்கும் எலெக்ட்ரிக் விசிறி, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளும். ஒரு வாட் மின்சாரத்துக்கு புரொப்பெல்லர் ஐந்து கிராமுக்கு மேல் இழுவை தரும். சின்ன இடிஎஃப் இரண்டு கிராம் தந்தாலே நல்ல விசிறி. பற்றாக்குறைக் குடும்பம்தான் இது. அதனால் எடையிலும் காற்றுப் பாதையிலும் கஞ்சத்தனம் வேணும்.

எந்த ஜெட்டைக் கட்டலாம்? எல்லாருக்கும் சுகோய் 30 மேல்தான் கண். அதற்கு இரண்டு விசிறி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி இரண்டு, பெரிய பேட்டரி. முதல் ஜெட்டுக்கு வேண்டாம். நான் சொல்வது ஸ்கைஹாக். 1980களில் நம்ம அரச மலேசிய விமானப் படை குவாந்தானில் வைத்திருந்த அதே விமானம். அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய 88 பழைய ஸ்கைஹாக்குகளை வாங்கி, அதில் 40ஐ மட்டும் கிரம்மன் நிறுவனம் புதுப்பித்துக் கொடுத்தது. அதே கிரம்மனில் எஃப் 14 போர் விமானத்தின் பொறியியலை முன்நின்று நடத்திய பாப் கிரெஸ், பிறகு மாடல் ஜெட்டுகளுக்கு விசிறி செய்து விற்றவர். பெரிய ஜெட் கட்டினவருக்கும் இந்தக் குட்டி விசிறி மேல் ஆசை விடலை பாருங்க.

ஸ்கைஹாக்கை வடிவமைத்தவர் டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைன்மன். கடற்படை 30,000 பவுண்டு வரை இருக்கலாம் என்று சொன்ன இடத்தில், அவர் ஏறத்தாழ பாதி எடையில் முடித்துக் கொடுத்தார். 1954இல் முதலில் பறந்தது. இறக்கை சின்னது என்பதால் கப்பலில் வைக்க மடக்கக்கூட வேண்டியிருக்கலை. மடக்கும் கீல் இல்லாததால் அந்த எடையும் மிச்சம். நம்ம வேலைக்கு இவர்தான் குரு. ஒற்றை எஞ்சின், கன்னத்தில் இரண்டு காற்று வாய், அகலமான முக்கோண இறக்கை. விசிறி வைக்க நல்ல வயிறு.

உண்மை விமானத்தின் இறக்கை நீளம் 8.38 மீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 70 சென்டிமீட்டர், உடம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர். இறக்கைப் பரப்பு 17 சதுர டெசிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இதற்கு 64 மில்லிமீட்டர் விசிறி, 3 செல் லிப்போ பேட்டரி போதும். எடைக் கணக்கு இப்படிப் போடுங்க: மோட்டாரோடு விசிறி 95 கிராம், 40 ஆம்ப் இஎஸ்சி 35, 2200 மில்லிஆம்ப் பேட்டரி 185, மூன்று குட்டி சர்வோ 30, ரிசீவர் 10. இதுவே 355 ஆச்சு. உடம்பை 280 கிராமுக்குள் முடித்தால் மொத்தம் 635. விசிறி உண்மையில் 500 கிராம் தள்ளினாலும் எடையில் முக்கால் பங்குக்கு மேல். கையால் எறிந்து பறக்கவிட அது போதும். சக்கரம் வேண்டாம். நம்ம பள்ளித் திடல் புல்லில் குட்டிச் சக்கரம் உருளாது, எடைதான் கூடும்.

இப்போ வால் குழாய்க்கு வரேன். இங்கேதான் நேரம் செலவு பண்ணணும்.

விசிறி காற்றைத் தள்ளுவது முழு வட்டத்தில் இல்லை. நடுவில் மோட்டார்க் குமிழ் இருக்கு. 64 மில்லி வட்டத்தில் 28 மில்லி குமிழைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 2600 சதுர மில்லிமீட்டர். வால் வாய் இதில் 90 விழுக்காடு இருக்கட்டும். கணக்குப் போட்டால் விட்டம் 54.6 மில்லி வரும். ரொம்ப அகலமா விட்டால் காற்று சோம்பி வெளியே வரும்; வேகமே எடுக்காது. 80க்குக் கீழே இறுக்கினால் விசிறி திணறும், எறியும்போது தள்ளுவிசை போதாது. சிலர் உண்மை ஜெட் மாதிரி தெரியணும்னு வாயை 45 மில்லிக்கு இறுக்கிடுவாங்க. பார்க்க அழகு, பறக்காது.

குழாய் செய்வது சட்டைக்குக் கை வெட்டுவது மாதிரிதான்: மேலே அகலம், மணிக்கட்டில் குறுகல், நடுவில் ஒரே தையல். நம்ம தங்காக் ஜவுளிக்குப் பேர் போன ஊர், உங்க வீட்டில் யாராவது ஒருத்தருக்கு இது தெரிந்திருக்கும். பழைய ஓஎச்பி தாள் மாதிரி தெளிவான, லேசான பிளாஸ்டிக் தாள் எடுங்க. 200 மில்லி நீளக் குழாய்க்கு ஒரு பக்கம் 201 மில்லி, மறுபக்கம் 172 மில்லி அகலம் வைத்து இருபுறமும் சமமாகச் சரியும் துண்டு வரைங்க. ஒட்டுவதற்கு ஒரு ஓரத்தில் 10 மில்லி கூடுதல். சுருட்டினதும் வாய் விளிம்பு மூன்று நான்கு மில்லி வளைந்து நிற்கும், அதைக் கத்தரியால் நேராக்கிடலாம். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைத் தூக்கி எறிவாங்க, கேட்டால் சும்மாவே தருவாங்க. வாய்க்குள் நுழையும் அளவில் ஒன்றை வாங்கி உள்ளே விட்டு, மேலிருந்து டேப்பை அழுத்தித் தேய்ங்க. தையல் சுருக்கம் இல்லாமல் படியும்.

மாட்டினதும் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்க. காற்று போகும் திசையில் எந்த விளிம்பும் முட்டி நிற்கக் கூடாது. மோட்டாரின் மூன்று வயரும் காற்றுப் பாதையைக் கடந்துதான் வரணும், வேறு வழி இல்லை. ஆனால் அவை தொங்கக் கூடாது. மோட்டாரைத் தாங்கும் நிலைப்பலகை ஒன்றின் முதுகோடு ஒட்டவைத்து வெளியே எடுங்க.

முன் வாய்க்கு ஒரே விதி: உதடு உருண்டையாக இருக்கணும். நிற்கும்போதும் எறியும்போதும் விசிறி முன்னாலிருந்து மட்டும் இழுக்காது, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் சுற்றி இழுக்கும். உதடு கத்தி மாதிரி கூராக இருந்தால் அங்கேயே காற்று பிய்ந்து, உள்ளே சுழலாகப் போகும். இரண்டு கன்னத்து வாயும் சேர்ந்து 2600 சதுர மில்லிக்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் கூட இருக்கட்டும். உண்மை விமானத்தின் அளவை அப்படியே சுருக்கினால் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்போ வயிற்றின் அடியில், விசிறிக்கு முன்னால், கூடுதல் ஓட்டை போடலாம். போட்டிக்காரங்க முகம் சுளிப்பாங்க, நீங்க போடுங்க. ஆனால் அடி ஓட்டை இறங்கும்போது புல்லையும் மணலையும் அள்ளும், அதனால் தரை தொடும் முன்னே மோட்டாரை நிறுத்தணும்.

மின்சாரம் பக்கம் போவோம். முன்பு தைவான் ஜிடபிள்யூஎஸ் விசிறிகள் பிரஷ் மோட்டாரோடு வந்த காலத்தில் பறந்தாலே பெரிய விஷயம். பிரஷ்லெஸ்ஸும் லிப்போவும் வந்தபிறகு சக்திக்குக் குறை இல்லை, அதுவே இப்போ ஆபத்து. 3 செல்லுக்கென்று சொன்ன விசிறியில் 4 செல் போட்டுப் பார்க்கலாமான்னு கேட்பாங்க. மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஆம்ப் அதன் இருமடிப்படி ஏறும். 27 ஆம்ப் இழுத்தது 48 பக்கம் போகும். வாட் இரண்டு மடங்கைத் தாண்டும். 40 ஆம்ப் இஎஸ்சி புகையும், அல்லது மோட்டார்க் கம்பி கருகும். 4 செல் வேணும்னா அதற்கேற்ற, கேவி (ஒரு வோல்டுக்கு எத்தனை சுற்று என்ற எண்) குறைந்த மோட்டாரோடு வாங்குங்க.

வாட் மீட்டர் ஒன்று கட்டாயம் வேணும். இஎஸ்சியின் ஆம்ப் அளவு மீட்டர் காட்டுவதைவிடக் கால் பங்காவது கூட இருக்கட்டும். அதைக் காற்று படும் இடத்தில் வைங்க. நுரைக்குள் புதைத்தால் நம்ம வெயிலுக்குத் தாங்காது. வயர் எட்டலைன்னா மோட்டார்ப் பக்கத்து வயரை நீட்டுங்க. பேட்டரிப் பக்கத்து வயரை நீட்டினால் இஎஸ்சிக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சுமை கூடும். பேட்டரியில் 100சி, அதாவது கொள்ளளவைப்போல் நூறு மடங்கு ஆம்ப் தரும், என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீங்க. 27 ஆம்ப் இழுக்க 2200க்கு 13சி போதும், உண்மையான 30சி இருந்தால் தாராளம்.

விசிறியின் சத்தம் உங்களிடம் பேசும். சீராக ஊதினால் சரி. கரகரத்தால், உடம்பில் கை வைக்கும்போது நடுக்கம் தெரிந்தால், ரோட்டர் சமநிலையில் இல்லை. ரோட்டரைக் கழற்றி, தண்டில் கொஞ்சம் திருப்பி மாட்டிப் பாருங்க. பல நேரம் அதிலேயே பாதி சரியாகும். மிச்சத்துக்குக் குமிழின் உள்பக்கத்தில் குட்டி டேப் துண்டு. இறகு நுனிக்கும் உறைக்கும் நடுவில் சுற்றிலும் ஒரே இடைவெளி, அரை மில்லிக்குள், இருக்கணும். கீறல் விழுந்த இறகை ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது. 64 மில்லி ரோட்டர் நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்று பக்கம் போகும். அந்த வேகத்தில் நுனி நொடிக்கு 130 மீட்டருக்கு மேல் ஓடும். உடைந்தால் துண்டு பக்கவாட்டில் சிதறும். அதனால் ரோட்டருக்கு நேர் பக்கத்தில் முகமோ தம்பி தங்கச்சியோ நிற்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போடுங்க. இதில் மட்டும் அக்கா சலுகை தர மாட்டேன்.

தள்ளுவிசை அளக்க, பயணப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு போதும். விமானத்தை மெல்லிய பலகையில் கட்டி, கீழே நான்கைந்து உருண்டைப் பென்சில் வைங்க. இரண்டு இறக்கையிலிருந்தும் நூல் எடுத்து, வால் காற்றில் படாமல் பின்னால் சேர்த்து, தராசில் மாட்டுங்க. தராசு மேசைக்காலில் இறுக்கமா இருக்கட்டும். முழு வேகம் மூன்று நொடி, எண்ணைக் குறிச்சுக்கோங்க. பிறகு முன் உதட்டை உருட்டி, வால் வாயை ஒட்டித் திருத்தி, மறுபடி அளங்க. அதே பேட்டரி, அதே மோட்டார், எண் மட்டும் ஏறும். அந்த ஏற்றத்துக்குக் காசு எதுவும் கொடுக்கலை நீங்க.

உடம்புக்கு எழுதுபொருள் கடை ஃபோம் போர்டு போதும். மேல் காகிதத்தைச் சில இடத்தில் உரித்தால் எடை குறையும். மிச்சக் காகிதம் காலைப் பனியில் ஊறி உப்பும், அதனால் வயிற்றுக்குத் தெளிவான டேப் ஒட்டுங்க. சூப்பர் குளூ இந்த நுரையை உருக்கிடும், இபிஓ நுரையை உருக்காது. வாங்கின நுரை எதுன்னு தெரியாட்டி ஒரு வெட்டுத்துண்டில் சொட்டுப் போட்டுப் பாருங்க.

ஈர்ப்பு மையத்தை இறக்கையின் சராசரி அகலத்தில் முன்னிருந்து 22 முதல் 25 விழுக்காட்டுக்குள் வைங்க. முதல் தடவை மூக்கு கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். எறிய ஒருத்தர், ஓட்ட ஒருத்தர். எறிபவர் வயிற்றைப் பிடிக்கட்டும், விரல் ஓட்டைப் பக்கம் போகக் கூடாது. முழு வேகம் கொடுத்து, விசிறி நல்லா ஏறினபிறகு, மட்டமாக எறியணும். மேலே பார்த்து எறிந்தால் அப்படியே நின்று விழும். இடிஎஃபில் வால் மேல் விசிறிக் காற்று அடிக்காது, அதனால் வேகம் இல்லாவிட்டால் வாலுக்குப் பிடிப்பும் இல்லை. ஸ்டிக்கை இழுக்காமல் வேகம் சேரும்வரை விடுங்க.

நேரம் காலை எட்டிலிருந்து பத்து. லேடாங் மலைப் பக்கம் மேகம் கட்டினால் மூட்டை கட்டுங்க. மதிய இடி இங்கே சொல்லிட்டு வராது. செம்பனைத் தோட்ட ஓரம் வேண்டாம், மட்டைக்குள் விழுந்தால் முள்ளில்தான் தேடணும். பள்ளித் திடல்னா தலைமையாசிரியரிடம் கேளுங்க. 400 அடிக்கு மேல் போகவும் விமான நிலைய வட்டாரத்தில் பறக்கவும் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அனுமதி வேணும். உங்க இடத்துக்கு எது பொருந்தும்னு பறக்கும் முன் அவங்களிடமே விசாரிங்க.

டைமரை முதலில் மூன்று நிமிடத்துக்கு வைங்க. முழு வேகத்திலேயே இருந்தால் இந்தப் பேட்டரி நாலு நிமிடத்தில் எண்பது விழுக்காடு காலி, திரும்பிச் சுற்றி இறங்கவும் மிச்சம் வேணும். இறங்கும்போது தரை வரைக்கும் கொஞ்சம் வேகம் வைத்து, கடைசியில் நிறுத்துங்க. இறங்கின பேட்டரி சூடாக இருக்கும். ஆறினபிறகுதான் சார்ஜ், டைல்ஸ் தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. அந்த வாரம் மறுபடி பறக்கப் போறதில்லைன்னா செல்லுக்கு 3.8 வோல்டில் நிறுத்தி வைங்க. மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் விடாதீங்க.