கப்பல் பாரில் ஒயின் மலிவா?

கேள்வி: குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகிறோம். கடலில் வரி இல்லையே, ஒயின் மலிவாகக் கிடைக்குமா? டிரிங்க்ஸ் பேக்கேஜ் எடுக்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: யவனர் ஒயின் வந்திறங்கிய கடற்கரை நம்முடையது, அழகன்குளம் அகழாய்வில் அந்த ஒயின் வந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆனால் உங்கள் தூத்துக்குடியிலிருந்து 2011 ஜூனில் கொழும்புக்குக் கிளம்பிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பல் அந்த ஆண்டே நின்றுபோனது. பெரிய வருத்தம் அது.

கேள்விக்கு வருவோம். வரி இல்லை என்பதை நம்பிப் போகாதீர்கள். நடுக்கடலில் போட்டிக் கடை கிடையாது, கம்பெனி வைத்ததுதான் விலை. பல அமெரிக்கக் கப்பல்களில் அதற்கு மேல் 18 சதவீதம், சிலவற்றில் 20 சதவீதம் சேவைக் கட்டணம். மெனுவில் அது சேராமல்தான் விலை இருக்கும், கூட்டிப் பாருங்கள்.

750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ் வரும். பாட்டில் விலை நாலு கிளாஸ் விலைக்குள் இருந்தால் பாட்டிலே வாங்குங்கள். மீதியைப் பல கப்பல்களில் கேபின் எண் எழுதி எடுத்துவைத்து, மறுநாள் இரவு தருவார்கள்.

நாளுக்கு இவ்வளவு என்று கட்டிக் குடிக்கும் பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். ஒருவர் எடுத்தால் அதே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பது பல கம்பெனிகளின் விதி. குடும்பத்தில் குடிக்காதவருக்கும் காசு கட்டச் சொல்வது அநியாயம். கரையில் இறங்கி ஊர் சுற்றும் நாளுக்கும் முழுப் பணம் போகும்.

கப்பல் கடையில் வாங்கும் பாட்டிலைப் பெரும்பாலும் கடைசி நாளில்தான் கையில் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்பும்போது பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை.