கணிப்பொறி கணிக்கும் மழை: எவ்வளவு நம்பலாம்?

"மழை வரும் என்றார்கள், ஒரு தூறல்கூட இல்லை" என்று குறை கூறுவோர் உண்டு. முன்னறிவிப்பு எவ்வாறு தயாராகிறது என்பதை அறிந்துகொண்டால், அதை எந்த அளவு நம்பலாம் என்பது விளங்கும்.

கணக்கிடும் முறை

வானமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இன்றுள்ள வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றோட்டம் ஆகியவற்றைக் கொண்டு நாளைய நிலையைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறையில் ஒரு கட்டம் சுமார் 6 கிலோமீட்டர். அதற்கு முன் 12 கிலோமீட்டர். கட்டத்துக்கு ஒரே விடைதான். பக்கத்து ஊரில் பெய்யும் இடிமழை நம் வயலில் பெய்யாமல் போவது இதனால் கணக்கில் அகப்படுவதில்லை.

பிழை எங்கே?

தொடக்க அளவுகளில் உள்ள சிறு பிழையும் நாளாக ஆகப் பெருகிவிடும். அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் இதனை 1963-ல் விளக்கினார். எனவே நாளைய கணிப்பை நம்பும் அளவுக்குப் பத்தாம் நாள் கணிப்பை நம்புதல் கூடாது.

2018-ல் கஜா புயல் முதலில் வட தமிழகம், தென் ஆந்திரக் கடற்கரை நோக்கிச் செல்லும் எனக் கணிக்கப்பட்டது. புதிய அளவுகள் கிடைக்கக் கிடைக்கக் கணிப்பு தெற்கே நகர்ந்தது. நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. முதல் அறிவிப்பை மட்டும் கேட்டிருந்தால் புயல் நமக்கில்லை என்றே எண்ணத் தோன்றும். முன்னறிவிப்பு மரத்தைத் தாங்கிப் பிடிக்காது. ஆனால் ஆளையும் ஆடுமாட்டையும் காக்கும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மருந்து தெளிக்கவும் மேலுரம் இடவும் அடுத்த இரண்டு நாள் கணிப்பைப் பார்க்கவும். மழை உண்டெனில் தள்ளிப்போடவும்.

2. நிலக்கடலைச் செடியைப் பிடுங்குமுன், காய் காயத் தேவையான நாட்களுக்கான புதிய அறிவிப்பைக் கேட்கவும். பழைய அறிவிப்பைக் கொண்டு ஆள் விட வேண்டாம்.

3. பருவமழைக் கணிப்பு வாய்ப்பை மட்டுமே கூறும். 100-க்கு 60 வாய்ப்பு எனில் 40 முறை பொய்க்கலாம். மானாவாரியில் ஒரே பயிரை நம்பாமல் நிலக்கடலையுடன் துவரையை ஊடுபயிராக இடுவது நல்லது.

4. வயலில் ஒரு மழைமானி வைத்து, அறிவித்த மழையையும் பெய்த மழையையும் குறித்து வரவும். இரண்டு பருவம் குறித்தால், உங்கள் வயலுக்குக் கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நீங்களே அறிந்து பயன்பெறலாம்.