நன்னியின் பெட்டியில் ஒரு சரித்திரம்

நம் பிள்ளைகள் சரித்திரத்தை ஒப்பிக்கிறார்கள், கையால் தொட்டதில்லை. சென்ற கோடை விடுமுறையில் திருப்பனந்தாளில் அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அதைத் தொட வைக்கும் வழியொன்றை அல்லாஹ் நமக்குக் காட்டினான்.

அவ்வீட்டு நன்னிக்கு எண்பது வயதுக்கு மேல். தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாது, எங்கும் கைநாட்டுத்தான். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து தையல் விட்டுப்போன ஒரு கிதாபை எடுத்து மடமடவென்று வாசித்தார். பேரன் எட்டிப் பார்த்து, "இது அரபியா நன்னி?" என்றான். "எழுத்துத்தான் அரபி. பேச்சு நம்ம பேச்சுத்தான் அத்தா" என்றார்.

இதுவே அரபுத் தமிழ். குர்ஆன் ஓதிய நம் பெண்மக்களுக்கு அரபு எழுத்துத் தெரியும்; பள்ளிக்கூடம் போக வழியில்லை. ஆகவே தெரிந்த எழுத்திலேயே மார்க்க விஷயங்களை அவர்களிடம் சேர்த்தார்கள் முன்னோர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானீ', 'பத்ஹுத் தய்யான்' ஆகியவை இவ்வெழுத்தில் வந்தவையே. இலங்கையிலும் இது வழங்கிற்று.

மறுநாள் பிள்ளைகளை வேலையில் இறக்கினோம். கொள்ளிடக் கரையிலிருந்து நாணல் தட்டை வந்தது. (சிறுவர்களைத் தனியே ஆற்றுக்கு அனுப்ப வேண்டாம்.) நுனியைச் சாய்வாகச் சீவி நடுவில் ஒரு கீறல் போட்டால் எழுதுகோல் தயார். மைக்கு ஒரு பிடி அரிசியை வறுத்துத் தண்ணீரில் காய்ச்சச் சொன்னோம். அவசரத்தில் அரிசி சிவந்ததுமே இறக்கிவிட்டார்கள். கிடைத்தது கஞ்சித் தண்ணீர்! கரியாகும்வரை வறுக்க வேண்டும் என்று நன்னி வந்து திருத்தினார்.

அரபியில் 'ட' இல்லை. தாலின் கீழே புள்ளி வைத்தார்கள். 'ப' இல்லை; ஃபேயின் கீழே புள்ளி. நூனின் கீழே இன்னொரு புள்ளி வைத்தால் 'ண'. ஊர்ப் பெயரை எழுதிய பேத்தி கீழ்ப்புள்ளியை மறந்துவிட்டாள். நன்னி அதை எழுத்துப் பிசகாமல் "திருஃபனந்தாள்" என்று வாசிக்க, வீடே சிரித்தது. அதன்பின் புள்ளியை எவரும் மறக்கவில்லை. பல்லாண்டு அரபி ஓதிய நாமே முதலில் தட்டுத் தடுமாறித்தான் வாசித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நான்காம் நாள் நன்னி தாமாகவே ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பினாங்கிலிருந்து அவர் கணவர் எழுதியது. ஹிஜ்ரி 1385 ரஜப் என்றிருந்தது. 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 32 ஆங்கில ஆண்டாகும். எனவே 1385ஐ 33ஆல் வகுத்தால் வரும் 42ஐ அதிலேயே கழித்து, 622ஐக் கூட்டச் சொன்னோம். 1965 என்று வந்தது. பேரன் எழுத்துக் கூட்டி வாசிக்கலானான். பணம் அனுப்பிய விவரம், சம்பா நடவு முடிந்ததா என்ற விசாரணை, பிள்ளையின் காய்ச்சல். அவன் அத்தாவின் காய்ச்சல்தான் அது!

கடைசி நான்கு வரிகளைப் பூச்சி அரித்திருந்தது. பேரன் நிறுத்திவிட்டு நன்னியைப் பார்த்தான். புரை விழுந்த கண்களை மூடியபடி அவ்வரிகளை அவர் மனப்பாடமாகச் சொன்னார். பேத்தி அதை எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டாள்.