உறழ்பொருவும் ஒப்பீட்டுப் படிகளும்: தமிழ்வழி மாணவர்க்கான ஆங்கில இலக்கணப் பயிற்றுமுறை

முன்னுரை

ஆங்கிலத்தில் ஒப்பீட்டை உணர்த்தப் பெயரடையும் வினையடையும் வடிவு மாறுகின்றன. ‘ஸ்மால்’ என்பது ‘ஸ்மாலர்’, ‘ஸ்மாலஸ்ட்’ எனத் திரியும். தமிழில் ‘சிறிய’ என்னும் அடை அவ்வாறு திரிவதில்லை. விருதுநகர் மாவட்டக் காரியாபட்டி போன்ற மானாவாரி வட்டாரங்களில் தமிழ்வழியில் பயில்வோர் ஆங்கில ஒப்பீட்டைக் கற்கையில் இவ்வேறுபாடு விளைக்கும் இடர்ப்பாட்டையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐந்தாம் வேற்றுமையும் ஒப்பீடும்

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களைக் கூறும். தொல்காப்பிய உரைமரபு பொருவினை உறழ்பொருவு, உவமப்பொருவு எனப் பகுக்கும். ‘காரியாபட்டியின் வடக்கு மதுரை’ என்புழி ‘இன்’ எல்லைப் பொருளது. ‘மதுரையின் சிறிது காரியாபட்டி’ என்புழி உறழ்பொருவுப் பொருளது. முன்னதில் திசையும் பின்னதில் பரப்பும் அளவிடப்படினும், எங்கிருந்து அளவிடுகிறோம் என்பதை இரண்டிடத்தும் உருபே சுட்டுகிறது.

பேச்சுவழக்கில் இவ்விரு பணிகளையும் ‘கு’ உருபு ஏற்பதுண்டு. ‘காரியாபட்டிக்கு வடக்கே மதுரை’ என்பது எல்லை. ‘போன வருசத்துக்கு இந்த வருச மழை தேவலை’ என்பது உறழ்வு. இக்கால எழுத்துவழக்கில் ‘அதைவிட’, ‘அதைக் காட்டிலும்’, ‘அதைப் பார்க்கிலும்’ என வருவனவும் ஒப்பிடப்படும் பெயரையே சார்ந்து நிற்கின்றன. ‘எல்லாவற்றிலும் சிறியது’ என்னுமிடத்தும் மிகுதிப்பொருள் பெயரின் உருபாலும் முற்றும்மையாலும் பெறப்படுகிறது. வினையடைக்கும் இஃது ஒக்கும்: ‘அவனைவிட வேகமாக ஓடினான்’ என்பதில் ‘வேகமாக’ திரியவில்லை.

திராவிட மொழிகள் இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப்போல் பெயரடையோடு ஒப்பீட்டு விகுதி சேர்ப்பதில்லை என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் சுட்டினார். இதனைத் தமிழின் குறையாகக் கருதுதல் பொருந்தாது; ஒப்பீட்டின் சுமை அடையின்மேல் அன்றிப் பெயரின்மேல் அமைகிறது என்பதே உண்மை.

பயிற்றுமுறையில் விளையும் இடர்

தமிழ் அமைப்பை அடியொற்றும் மாணவர் ‘தேன்’ என்னும் ஆங்கில ஒப்பீட்டுச் சொல்லை உரிய இடத்தில் இட்டு, அடையை ‘ஸ்மால்’ என்றே விட்டுவிடக்கூடும். அவர் ‘தேன்’ என்பதனை ‘விட’ என்பதற்கு நிகராகக் கொண்டமையின், ஒப்பீடு அதனோடு நிறைவுற்றதாகக் கருதுகிறார். ‘இன்னும்’ என்பதனை ‘மோர்’ எனப் பெயர்த்து ‘மோர் ஸ்மாலர்’ என இரட்டித்தலும் இவ்வாறு நேர்வதே. இவை கவனக்குறைவால் அன்றித் தாய்மொழி விதியின் செல்வாக்கால் எழுவன.

‘நல்ல, அதிக நல்ல, மிக நல்ல’ எனப் படிகளை மொழிபெயர்த்துக் கற்பித்தல் இக்குழப்பத்தை மிகுவிக்கும். ‘மிக நல்ல’ என்பது தமிழில் மிகுதியை மட்டும் குறிக்கும். பிறவற்றோடு உறழ்ந்ததாகப் பொருள்படாது.

ஆகவே முதலில் ‘மதுரையைவிட’ என ஒப்பிடப்படும் பெயரை மாணவர் அடையாளங்காண வேண்டும். அடுத்து, தமிழில் திரியாத அடை ஆங்கிலத்தில் ‘அர்’ விகுதியேனும் ‘மோர்’ என்னும் சொல்லேனும் இரண்டில் ஒன்றே பெறும் எனக் காட்டல் வேண்டும். ‘ஃபாஸ்ட்’ அடையாயினும் வினையடையாயினும் ‘ஃபாஸ்டர்’ என்றே ஆவதை அதன்பின் கற்பிக்கலாம். படிகளின் அட்டவணை இறுதியில் வருதலே தகும்.

முடிவுரை

வேற்றுமை இலக்கணம் தமிழ் வகுப்பிற்கும் ஒப்பீட்டுப் படிகள் ஆங்கில வகுப்பிற்கும் உரியன எனப் பிரித்து வைக்கப்படுகின்றன. ஐந்தாம் வேற்றுமையை முன்னரே கற்ற மாணவர்க்கு அவ்வறிவே ஆங்கில ஒப்பீட்டின் வாயிலாக அமையும். இரு வகுப்பாசிரியரும் இப்பாடத்தை இணைந்து திட்டமிடுதல் வேண்டும்.